எனக்கு 74, அவனுக்கு 21

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. வழக்கமா புனே மழை, ராஸ்தா பேட்டை ஃபில்டர் காபின்னு மொக்கை போடுற ஆள் நான். இந்தத் தடவை கொஞ்சம் சீரியஸான விஷயம். வீட்டில் பைலட் ஆகணும்னு சொல்ற பிள்ளை இருந்தால் தயவுசெய்து கடைசி வரை படிச்சிடுங்க.

எங்க பையன் போன வருஷம் பன்னிரண்டாவது முடிச்சான். லோஹகாவ் பக்கம் இறங்குற விமானங்களை மொட்டை மாடியிலிருந்து அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன். பைலட் படிப்புன்னா அரை கோடிக்கு மேல் ஆகும். ஊரில் இருந்த மனையை வித்தாவது படிக்க வெச்சிடலாம்னு நானும் தங்கமணியும் முடிவு பண்ணி, ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டு லட்சம் முன்பணம் கட்டினோம். மெடிக்கல் பத்திக் கேட்டதுக்கு, "அது வெறும் ஃபார்மாலிட்டி சார், அப்புறம் பார்த்துக்கலாம்"னாங்க. நானும் மண்டையை ஆட்டிட்டு வந்தேன். கண்ணாடி கூடப் போடாத பையன், கண்ணில் என்ன பிரச்சினை வரப்போகுது?

அப்புறம் டிஜிசிஏ அங்கீகாரம் உள்ள டாக்டரிடம் கிளாஸ் டூ மெடிக்கலுக்குப் போனோம். எல்லாம் சரியாத்தான் போச்சு. கடைசியில் ஒரு புத்தகத்தை விரிச்சார். புள்ளி புள்ளியா வட்டம், நடுவில் ஒரு எண். முதல் பக்கம் 12, சரியாப் படிச்சான். அடுத்த பக்கம் எனக்கு 8, அவன் 3 என்றான். இன்னும் சில பக்கம் தள்ளி எனக்குப் பளிச்சுன்னு 74 தெரியுது, அவன் நிதானமா "21" என்கிறான். விளையாடுறான்னு நினைச்சு முறைச்சேன். டாக்டர் என்னைப் பார்த்து, "அவர் உண்மையைத்தான் சொல்றார்"னு சொல்லிட்டு புத்தகத்தை மூடினார்.

அந்தப் புத்தகத்துக்கு இஷிஹாரா சோதனைன்னு பேர். டோக்கியோவில் ஷினோபு இஷிஹாரா என்ற கண் மருத்துவர் 1917-ல் வெளியிட்டது. நூறு வருஷம் தாண்டியும் உலகம் முழுக்க அதுதான் முதல் வடிகட்டி. சிவப்பு-பச்சை வித்தியாசம் சரியாத் தெரியாதவங்களை உடனே காட்டிக் கொடுத்துடும். நிறக்குருடுன்னு நாம சொல்றதாலே உலகமே கறுப்பு வெள்ளையாத் தெரியும்னு அர்த்தம் இல்லை. பழைய படத்தில் கலர் கொஞ்சம் மங்கின மாதிரி, சில நிறங்கள் ஒண்ணோட ஒண்ணு கலந்து தெரியும், அவ்வளவுதான். பதினேழு வருஷம் கூடவே இருந்தும் எங்களுக்குத் தெரியலையே, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஊரில் விஷயம் தெரிஞ்சதும் அம்மா போன். "நம்ம குடும்பத்தில் யாருக்கும் இப்படிக் கிடையாதேடா, அவ பக்கம் இருந்துதான் வந்திருக்கும்." தங்கமணி பக்கத்திலேயே நின்னுட்டு இருந்தா, போன் ஸ்பீக்கரில். அன்னிக்கு ராத்திரி அவ சாப்பிடலை. அம்மா சொன்னது அறிவியல்படி தப்பில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கு. பையனுக்கு அந்த எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். மாமனார் தோட்டத்தில் பழுத்த மிளகாயைக் கண்ணால் பார்த்துப் பறிக்க மாட்டார், தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். பழக்கதோஷம்னு நினைச்சோம். அவரிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேரனுக்கு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு 8 பேருக்கு இது உண்டு, பெண்களில் இருநூறு பேருக்கு ஒருத்தர். நம்ம பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனா அபூர்வம் இல்லை. மூக்கு அப்பா மாதிரி, முடி அம்மா மாதிரின்னு சொல்றோமே, அதே மாதிரி இதுவும். இதில் யார் குற்றம்? அம்மாவுக்கு மறுநாள் இதையெல்லாம் சொன்னேன். "சரி, அவளைச் சாப்பிடச் சொல்லு"ன்னாங்க. எங்க அம்மா மன்னிப்பு கேட்கிற ஸ்டைல் அதுதான்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். பயிற்சி நிலையத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். பணம் வராதுன்னுட்டாங்க. வெளியே வரும்போது அங்கே இருந்த ஒருத்தர் காதோரம் வந்து, "சார், மொத்தமே 38 படம். பையன் மனப்பாடம் பண்ணிட்டா வேற டாக்டரிடம் பாஸ் ஆகிடலாம். நிறைய பேர் பண்றாங்க"ன்னார்.

உண்மையைச் சொல்லிடறேன். அன்னிக்கு ராத்திரி நானும் அந்தப் படங்களை எடுத்து வெச்சுக்கிட்டுப் பையனோட உட்கார்ந்தேன். இந்தப் புள்ளி ஓரம் இப்படி இருந்தா 29, அப்படி இருந்தா 57. ஒரு மணி நேரத்தில் பாதி புத்தகம் முடிஞ்சுது. அப்போ அவன் கேட்டான்: "பாப்பி லைட்டை எப்படிப்பா மனப்பாடம் பண்றது?"

பாப்பின்னா ரன்வே ஓரத்தில் இருக்கிற நாலு விளக்கு. சரியான உயரத்தில் இறங்கினா இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. நாலும் வெள்ளைன்னா ரொம்ப மேலே. நாலும் சிவப்புன்னா ரொம்பக் கீழே, தரை நெருங்குது. 2002 ஜூலை 26, அமெரிக்காவில் டல்லஹாசி விமான நிலையம். விடியறதுக்கு முன்னாடி ஒரு ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் ரன்வேக்கு முன்னாலேயே மரங்களில் மோதி விழுந்துச்சு. போயிங் 727. விமானம் எரிஞ்சு போச்சு, மூணு பேரும் பலத்த காயத்தோட உயிர் தப்பினாங்க. ஓட்டிட்டு இருந்த துணை விமானிக்கு நிறக்குறைபாடு. மறைக்கலை, விதிவிலக்கு அனுமதி வாங்கித்தான் பறந்துட்டு இருந்தார். விசாரணையில் தூக்கக் களைப்பு, நடைமுறையைச் சரியாப் பின்பற்றாததுன்னு பல காரணம் சொன்னாங்க. அதில் அவரோட நிறப்பார்வையும் ஒண்ணு. அனுமதி வாங்கினவருக்கே இந்தக் கதின்னா, மனப்பாடம் பண்ணிட்டுப் போறவன் கதி என்ன? பின்னாடி நூத்தி எண்பது பேர் உட்கார்ந்திருப்பாங்களே?

படங்களை மூடி வெச்சோம்.

அப்போ குறைபாடு இருக்கிற எல்லாரையும் வெளியே தள்ளிடணுமா? அதுவும் சரியில்லைன்னுதான் நான் சொல்றேன். இஷிஹாரா புத்தகம் குறை இருக்கா இல்லையான்னு நல்லாச் சொல்லும். எவ்வளவு குறை, அதை வெச்சு விமானம் ஓட்ட முடியுமான்னு சொல்லாது. லண்டன் சிட்டி பல்கலைக்கழகமும் பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையமும் சேர்ந்து இதை ஆராய்ந்து 2009-ல் அறிக்கை வெளியிட்டாங்க. நிறக்குறைபாடு உள்ளவங்களில் சுமார் மூணில் ஒருத்தர் பாப்பி விளக்கு, சிக்னல் விளக்கெல்லாம் மத்தவங்க அளவுக்கே சரியாப் பார்க்கிறாங்கன்னு அதில் தெரிஞ்சுது. அதுக்காகவே ஒரு கம்ப்யூட்டர் சோதனையை உருவாக்கினாங்க. திரையில் மினுமினுக்கும் சாம்பல் கட்டங்களுக்கு நடுவே ஒரு நிறச் சதுரம் நகரும். எந்த மூலைக்குப் போகுதுன்னு பட்டனை அமுக்கணும். குறைபாட்டின் அளவு எண்ணா வந்துடும். ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வரும், மனப்பாடத்துக்கு வழியே இல்லை. அமெரிக்காவிலும் 2025 ஜனவரி முதல் புதுசா வர்றவங்களுக்கு கம்ப்யூட்டர் சோதனைதான்.

சர்வதேச விதியும், புத்தகத்தில் தோத்தவர் விமானத்துறை விளக்குகளைச் சரியா அடையாளம் கண்டால் தகுதி தரலாம்னுதான் சொல்லுது. நம்ம நீதிமன்றங்களும் இந்தப் பக்கம்தான் யோசிக்குது. புனே திரைப்படக் கல்லூரியில் நிறக்குறைபாடு உள்ளவங்களைச் சேர்க்கச் சொல்லி 2022-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுச்சு. 2023-ல் தமிழ்நாடு மின் வாரியத்துக்குத் தேர்வான ஒரு பொறியாளருக்கும் வேலை கொடுக்கச் சொன்னாங்க. விமானம் வேற, ஒத்துக்கறேன். அங்கே பாதுகாப்புக்குத்தான் முதல் இடம். ஆனா "குறை இருக்கு, போ"ன்னு சொல்றதும், "அளந்து பார்த்தோம், இந்த வேலைக்கு இது போதாது"ன்னு சொல்றதும் ஒண்ணா? இரண்டாவது பதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வழக்கமாக் கிடைக்கணும். மனப்பாட வியாபாரமும் அதோட ஒழியும்.

என் பையனுக்காக இதைச் சொல்லலைங்க. ஒரு பெரிய கண் மருத்துவமனையில் விரிவாப் பார்த்துட்டோம். அவனோடது கடுமையான வகை. எந்த நல்ல சோதனை வந்தாலும் அவன் தேற மாட்டான். அதைக் கேட்டுட்டு வெளியே வந்தப்போ, "இப்பவாவது தெளிவா தெரிஞ்சுதேப்பா"ன்னான். இப்போ புள்ளியியல் படிக்கிறான். மொட்டை மாடிக்கு மட்டும் இன்னும் போறதில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வர்றது இதுதான். பிள்ளை பைலட் ஆகணும்னு சொன்னா, முதல் ரூபாய் கட்டறதுக்கு முன்னாடி மெடிக்கலை முடிங்க. கிளாஸ் டூ, அப்புறம் கிளாஸ் ஒன். "அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொல்ற இடத்தில் உட்காராதீங்க, எழுந்து வந்துடுங்க. அதுக்கும் முன்னாடி, பத்து வயசிலேயே கண் டாக்டரிடம் அந்தப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை. தாத்தா மிளகாயைத் தொட்டுப் பார்த்துப் பறிக்கிறவரா இருந்தா, கண்டிப்பாக் காட்டுங்க.

உங்க வீட்டில் இந்த அனுபவம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க. அடுத்த பதிவில் காபிக்குத் திரும்பிடலாம்.