இடுப்புக்கு எழுதிய ஜாதகம்

இந்த ஆனிப் பௌர்ணமிக்கு என் பெரியம்மா மாங்கனி பிடிக்க வரவில்லை. காரைக்காலிலேயே பிறந்து வளர்ந்தவர், வயது 64. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து இறைக்கும் மாம்பழத்தில் ஒன்றையாவது முந்தானையில் ஏந்தாமல் வீடு திரும்பியதே இல்லை. இந்த முறை ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து மேளச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இடுப்பு மூட்டு தேஞ்சு போச்சாம் தம்பி. ரெண்டு வருஷத்துல படுக்கைதான்னு படத்தைப் பார்த்துச் சொல்லிட்டாங்க. நடந்தா இன்னும் தேயுமாம்."

சொன்னவர் யாராகவும் இருக்கட்டும். ஒரு படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அரை நிமிஷத்தில் ஒரு மனுஷியின் தலையெழுத்தை வாசித்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. சனி பிடித்ததென்று திருநள்ளாற்றுக்கு வருகிறவர்களுக்குக்கூட ஏழரை வருஷம் கழிந்தால் விடிவு உண்டு, பரிகாரம் உண்டு. இந்த எக்ஸ்ரே ஜாதகத்தில் இரண்டுமே கிடையாது.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவைப் பாருங்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் இதே இடுப்பு, இதே படம், இதே தீர்ப்பு. இன்றைக்கும் காலை எட்டு மணிக்கு அவர் குரல் தெருமுனையில் கேட்கிறது. அந்த எக்ஸ்ரே படத்தை, மீன் தண்ணி தோளில் சொட்டாமலிருக்கக் கூடைக்குள் அடியில் விரித்திருக்கிறார். நீலப் படத்தில் தெரியும் அவருடைய இடுப்பெலும்பின் மேல் செதிலும் ஐஸும் கிடப்பதைக் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, "படத்துல இருக்கிறது எலும்பு. நடக்கிறது நான்தானே?" என்றார்.

ஆராய்ச்சிக்காரர்கள் கண்டதும் அதுதான். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், படத்தில் தேய்மானம் தெரிந்த இடுப்பு மூட்டுகளில் அடிக்கடி வலித்தவை 100க்கு 21தான். அடிக்கடி வலித்த மூட்டுகளிலோ, படத்தில் தேய்மானம் தெரிந்தவை 100க்கு 16தான். படத்துக்கும் வலிக்குமே இவ்வளவு தூரம். அந்தப் படத்தை வைத்து நாளைய நடையை எப்படிச் சொல்வது?

நெதர்லாந்தில் இடுப்பு, முழங்கால் மூட்டு நோயாளிகளை 5 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வலிக்குப் பயந்து நடமாட்டத்தைத் தவிர்த்தவர்களுக்குத் தசைபலம் குறைந்தது. அதன் வழியே முடக்கமும் கூடியது. ஆக, "ரெண்டு வருஷத்தில் படுக்கை" என்ற வாக்கு பலிக்கத்தான் செய்யும். படுக்க வைத்துவிட்டால் எது பலிக்காது?

தேய்மானம் என்ற சொல்லே பாதிக் கேட்டைச் செய்கிறது. செருப்பு தேயும், டயர் தேயும். மூட்டு செருப்பல்ல. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் போகிறது. அசையாத மூட்டைப் பட்டினி போடுகிறோம். மீன்காரம்மா தினமும் அதற்குச் சோறு போடுகிறார்.

நாளைக்கு நடை எப்படி இருக்கும் என்று அறிய வேண்டுமா? கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 40 மீட்டர் வேகமாக நடக்கச் சொல்லி நேரம் பாருங்கள். வலி கூடுகிறதா, எடை கூடுகிறதா, வேறென்ன நோய்கள் இருக்கின்றன என்று கேளுங்கள். பெரியம்மாவை யாரும் எழுந்து நிற்கக்கூடச் சொல்லவில்லை.

வீட்டார் மட்டும் சளைத்தவர்களா? அம்மாவுக்குக் கட்டில் வாங்கிப் போட்ட மகன், மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி வைக்கவில்லை. மாத்திரைச் சீட்டின் கடைசி வரியில் இருக்கும் பிசியோதெரபியை யாரும் வாசிப்பதில்லை. தொலைக்காட்சி விளம்பர எண்ணெய்க்குக் காசு இருக்கிறது. டவுன் பஸ்ஸின் முதல் படி முழங்கால் உயரம் இருப்பதையும், நடைபாதையெல்லாம் பைக் நிற்பதையும் கேட்பாரில்லை. முடக்கத்துக்கு இத்தனை பேர் பாடுபட்டுவிட்டு, பழியை வயசின் மேல் போடுகிறோம்.

அறுவை சிகிச்சைக்கு நான் எதிரியல்ல. 1962இல் ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் செய்து காட்டிய செயற்கை இடுப்பு மூட்டு எத்தனையோ பேரை எழுப்பி நடக்க வைத்திருக்கிறது. அதற்கு வேளை வந்ததா என்பதைத் தூக்கம் கெடுக்கும் வலியும், குறைந்துபோன நடையும் சொல்லட்டும். படம் பின்னால் வரட்டும்.

கயிலையில் கால் படக்கூடாதென்று தலையால் நடந்து போன காரைக்கால் அம்மையாரின் ஊர் இது. இந்த ஊரில் ஒருத்தியைப் பார்த்து நடக்காதே என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவுக்கு ஒரு கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். வலி வலது இடுப்பில், தடி இடது கையில். அப்படிப் பிடித்தால்தான் மூட்டில் பாரம் குறையும். மீன்காரம்மாவின் குரல் கேட்டது. பெரியம்மா தெருமுனை வரை தானே நடந்துபோய் மீன் வாங்கினார்.