டேப் வைத்து அளந்தால் பயம் போகுமா?

மூட்டு வலிக்கு என்னிடம் மருந்து வாங்க வருகிற அம்மா ஒருவர், போன மாதம் நாடி பார்க்கக் கையை நீட்டிக்கொண்டே, “டாக்டர், கையெழுத்துப் போடலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்க” என்றார். ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்தேன். விஷயம் அமெரிக்காவில்! ஃப்ளோரிடாவில் மகள் வீட்டுப் பக்கம் ஒரு விடுதி வரப் போகிறதாம். பாலியல் குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்து வெளியே வந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து தங்குவதற்கு. “பள்ளிக்கூடத்திலிருந்து இவர்கள் தள்ளியிருக்க வேண்டிய தூரத்தை இன்னும் கூட்டுங்கள்” என்று தெருவே திரண்டு மனு எழுதுகிறது. மகளுக்கு ஆறு வயதில் பெண் குழந்தை.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? “போடச் சொல்லுங்க” என்றுதானே? எனக்கும் பேத்தி இருக்கிறாள். நானும் அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். “அடுத்த வாரம் சொல்றேம்மா” என்று அனுப்பிவிட்டுக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

இப்படிப்பட்டவர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆயிரம் அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்பது ஃப்ளோரிடா மாநில விதி. 2005-ல் மயாமி பக்கத்தில் அதை 2,500 அடியாக்கினார்கள். அதாவது முக்கால் கிலோமீட்டர். உங்கள் ஊர் வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு பள்ளிக்கூடத்தைச் சுற்றியும் முக்கால் கிலோமீட்டருக்கு வட்டம் போட்டுப் பாருங்களேன். வெளியே என்ன மிஞ்சும்? மயாமியில் மிஞ்சியது கடலைத் தாண்டிப் போகிற ஜூலியா டட்டில் பாலம். அதன் அடியில் கூடாரம் போட்டுக்கொண்டு, ஒரு சமயம் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கண்காணிப்பு அதிகாரிகளின் பதிவேட்டிலேயே பாலம்தான் விலாசம்! காலில் மாட்டிய கண்காணிப்புக் கருவிக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் ஓடியது. 2010-ல் அங்கிருந்து கிளப்பினார்கள். பிறகு ரயில் பாதை ஓரம் ஒரு கூடாரக் கும்பல். 2018-ல் அதையும் கலைத்தார்கள்.

பழுக்காத கட்டியை அமுக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் வைத்தியத்தில் முதல் வருஷத்துப் பையனுக்குக்கூடத் தெரியும். சீழ் உள்ளே புரையோடும். விலாசம் இல்லாத, வேலை இல்லாத, சொந்தக்காரர்கள் கைவிட்ட ஆளைப் போலீஸ் எங்கே போய்த் தேடும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விதி தடுப்பது ஒருவன் ராத்திரி எங்கே தூங்குகிறான் என்பதை. பகலில் எங்கே நடக்கிறான் என்பதை அல்ல.

மின்னசோட்டா மாநிலச் சிறைத்துறை 2007-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. விடுதலையாகி மறுபடியும் பாலியல் குற்றம் செய்து சிறைக்குத் திரும்பிய 224 பேரின் வழக்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். தூர விதி இருந்திருந்தால் இவற்றில் எத்தனை தடுக்கப்பட்டிருக்கும்? ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து குழந்தையைப் பிடித்தவர்கள் இல்லை இவர்கள். குழந்தையின் தாயோடு பழகி, அந்த வீட்டுக்குள் நுழைந்தவர்களே அதில் கணிசம். ஐயோவா மாநிலத்தில் அரசு வக்கீல்கள் சங்கமே 2006-ல் இந்த விதியை எடுத்துவிடச் சொன்னது. தண்டனை வாங்கித் தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள்!

நம்ம ஊரில் தூர விதி கிடையாது. 2018-ல் தொடங்கிய தேசியப் பட்டியலும் போலீஸ் கையில்தான். ஆனால் இங்கேயும் குழந்தைகள் மீதான வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள்தான். மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் வாத்தியார். இதைச் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. பாலத்தடி ஆளைக் கைகாட்டுவது சுலபம் பாருங்கள்.

அதற்காக யாரை வேண்டுமானாலும் பள்ளிக்கூட மதிலை ஒட்டிக் குடிவைக்கலாம் என்று சொல்ல வரவில்லை. தெரியாத குழந்தையை ஏமாற்றிக் கூட்டிப்போன ஆளுக்குக் கடுமையான தடை போடத்தான் வேண்டும். ஆளைப் பார்த்துப் போட வேண்டும். 2015-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சான்டியாகோ வழக்கில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. நாடி பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே சூரணமா கொடுக்கிறோம்?

விடுதி என்றால் அதற்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார், வருகைப் பதிவு இருக்கும், அதிகாரி வந்து கதவைத் தட்ட ஒரு கதவாவது இருக்கும். கனடாவில் 1994 முதல் ஊர்க்காரர்களே நாலைந்து பேர், வெளியே வந்த ஒருவரை வாராவாரம் சந்தித்துப் பேசி, அவர் மேல் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பவரே ‘நேற்று எங்கே போனாய்’ என்றும் கேட்கிறார்.

மறு வாரம் அந்த அம்மா வந்தபோது சொன்னேன்: “கையெழுத்து வேண்டாம்மா. அந்த விடுதிக்கு யார் பொறுப்பு, ராத்திரி யார் இருப்பாங்க, அதிகாரி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருவார்னு மகளைக் கூட்டத்துல கேக்கச் சொல்லுங்க. குழந்தைகிட்ட, யார் தொட்டாலும், அது தாத்தாவே ஆனாலும், அம்மாகிட்ட சொல்லணும்னு சொல்லிக் கொடுக்கட்டும்.”

தைலத்தைப் பையில் வைத்துக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: “அவ இன்னும் போடலை டாக்டர். மாப்பிள்ளைதான் முதல் ஆளாப் போட்டுட்டாராம்.”