பனிக்கடலின் கண் எவருக்குச் சொந்தம்?

கண் இருக்கிறது, பார்வையும் இருக்கிறது. ஆனால் கண்டதை இனிப் பிறருக்குக் கூறமாட்டோம் என்று சொல்லிற்று ஒரு வல்லரசு. 2025-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நடந்தது இது. சொன்னது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. அத்துறையின் வானிலைச் செயற்கைக்கோள்களில் நுண்ணலைக் கருவிகள் உண்டு. இரவென்றும் பகலென்றும் பாராமல், முகில் மூடிக்கிடக்கிறதே என்று மலைக்காமல், வடதுருவக் கடலிலும் தென்துருவக் கடலிலும் பனிக்கட்டி எந்த அளவு பரவிக் கிடக்கிறது என்பதை அவை நாள்தோறும் அளந்து தந்து வந்தன. அந்த அளவுகளை ஜூன் 30-ஆம் நாளுக்குப் பிறகு எதிர்பார்க்காதீர்கள் என்று அறிவித்தார்கள். கொடுத்த தவணை சில நாட்கள். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர்கூட ஒரு மாதத் தவணை தருவார்!

கூக்குரல் கிளம்பிற்று. ஜூலை 31 வரை நீட்டினார்கள். அந்த நாளும் நெருங்கியபோது, கருவி பழுதாகும் வரையிலோ, திட்டம் முடியும் 2026 செப்டம்பர் வரையிலோ தருவோம் என்று இறங்கி வந்தார்கள். கணினிவழிக் களவுக்கு இடமாகிவிடும் என்ற அச்சமே காரணம் என்று விளக்கம் தந்தனர். அது பொய் என்று நாம் கூறவில்லை. செயற்கைக்கோள்கள் கிழடுதட்டிவிட்டன என்பதும் உண்மை. வேலை செய்துகொண்டிருந்த மூன்றில் இளையதே 2009-இல் ஏவப்பட்டது. ஆகவே, ஏன் நிறுத்தினாய் என்று கேட்பதைவிட, நிறுத்தும் அதிகாரம் ஒரே கையில் எப்படிச் சேர்ந்தது என்று கேட்பதே முறை என்று கருதுகிறோம்.

ஐஸ்காரர் தள்ளிவரும் பெட்டியில் அன்றி வேறெங்கும் பனிக்கட்டி காணாத ஊரிலே இருந்துகொண்டு இதைப்பற்றி எழுதுவானேன் என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். கடலிலே சாகிறவன் எந்த நாட்டானாயினும், பெரும்பாலும் வயிற்றுப்பாட்டுக்காகப் போனவன்தான்.

1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதிற்று. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். சீமாட்டியின் வைரமாலையையும் காதலையும் படமாக எடுத்துக் காட்டிவிட்டார்கள். மாண்டவரில் ஏறத்தாழ 700 பேர் அந்தக் கப்பலிலே வேலை பார்த்தவர்கள், கரி அள்ளியவர்கள், உலை காத்தவர்கள், எச்சில் தட்டுக் கழுவியவர்கள் என்பதைப் படம் பார்த்தவரில் எத்தனை பேர் அறிவர்? எச்சரிக்கை இல்லாமலா மாண்டனர்? பனி கிடக்கிறது, பனி கிடக்கிறது என்று மற்றக் கப்பல்கள் கம்பியில்லாத் தந்தியில் கூவிக்கொண்டுதான் இருந்தன. சில செய்திகள் கப்பல் தலைவரிடம் போய்ச் சேர்ந்தன. மேசபா என்ற கப்பல் அனுப்பிய செய்தியோ தந்தி அறையைத் தாண்டவேயில்லை. பயணிகளின் சொந்தத் தந்திகளைக் கரைக்கு அனுப்புவதில் மும்முரமாக இருந்தார் தந்தியாளர். அவர்மீது நாம் பழி போடமாட்டோம். அவர் தந்திக் கம்பெனியின் ஊழியர். பயணியின் தந்திக்குக் காசு உண்டு, பனிச் செய்திக்குக் காசு இல்லை. கம்பெனி வைத்த முறை அது.

அந்த முறை ஆகாது என்று கண்டன நாடுகள். 1914 ஜனவரியில் லண்டனில் கூடிக் கடலில் உயிர்காக்கும் ஒப்பந்தம் செய்தன. வட அட்லாண்டிக்கில் பனிமலைகளைக் கண்காணிக்கும் வேலை அமெரிக்காவிடம் தரப்பட்டது. செலவை மற்ற நாடுகளும் பங்கிட்டுக் கொள்வது என்று ஏற்பாடு. அந்தக் காவல் இன்றும் நடக்கிறது. அதன் எச்சரிக்கையை மதித்துச் சென்ற எந்தக் கப்பலும் பனிமலையில் மோதியதில்லை என்று அதை நடத்துவோர் பெருமையுடன் கூறுகின்றனர்.

டென்மார்க்குக்கு அது போதவில்லை. ஹான்ஸ் ஹெட்டோஃப்ட் என்று ஒரு புதுக் கப்பல் கட்டினார்கள், மூழ்காது என்றார்கள். முதற்பயணமாகக் கிரீன்லாந்து சென்று திரும்புகையில், 1959 ஜனவரி 30-ஆம் நாள், பனிமலையில் மோதி 95 பேருடன் மறைந்தது. பல திங்கள் கழித்து ஐஸ்லாந்துக் கரையில் உயிர்காப்பு வளையம் ஒன்று ஒதுங்கிற்று, அவ்வளவுதான். அதே ஆண்டு கிரீன்லாந்தின் நார்சார்சுவாக்கில் பனிக்காவல் நிலையம் அமைத்தார்கள். பிணம் விழுந்த பிறகே காவல் போடுவது அரசுகளின் வழக்கம் போலும்!

இப்போது அந்தக் காவல் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விளக்குவோம். பனிமலை வேறு, கடற்பனி வேறு. நிலத்துப் பனியாறு உடைந்து கடலில் விழுந்து மிதப்பது பனிமலை. கடல்நீரே உறைந்து ஏடு படிந்ததுபோல் பரவுவது கடற்பனி. அந்த ஏடு நின்ற இடத்தில் நிற்பதில்லை. காற்று தள்ளும், நீரோட்டம் இழுக்கும். காலையில் திறந்திருந்த நீர்வழி மாலையில் அடைபடும். நுண்ணலைக் கருவி துருவம் முழுவதையும் ஒரே நாளில் பார்த்துவிடும். ஆனால் அதன் பார்வை மங்கல், ஒரு புள்ளி என்பது பல கிலோமீட்டர் அகலம். ரேடார்ச் செயற்கைக்கோள் கூர்மையாகப் பார்க்கும்; ஆனால் ஒரே நாளில் எங்கும் பார்க்காது. இரண்டும் வேண்டும். கடலுக்குள்ளும் பார்க்கவேண்டும். அதற்கென ஆர்கோ என்ற திட்டத்தில், பல நாடுகள் சேர்ந்து ஏறத்தாழ 4,000 தானியங்கி மிதவைகளை உலகக் கடல்களில் விட்டிருக்கின்றன. 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, 2,000 மீட்டர் வரை இறங்கி, பத்து நாளுக்கொருமுறை மேலே வந்து, நீரின் வெப்பத்தையும் உப்பையும் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கும் வேலைக்காரர்கள் அவை. நம் நாட்டு மிதவைகளும் அவற்றில் உண்டு.

இவை அனைத்தும் சொல்வது, இன்று கடல் எப்படி இருக்கிறது என்பதை. நாளை எப்படி இருக்கும் என்பதைக் கணிப்பொறி கணக்குப் போட்டுச் சொல்கிறது. கணக்கு எவ்வளவு கெட்டியானாலும் நாளாக நாளாக உண்மையிலிருந்து விலகும். ஆகவே கடைக் கணக்கப்பிள்ளை இரவில் கல்லாப் பணத்தை எண்ணிப் பேரேட்டோடு ஒப்பிட்டுத் திருத்துவதுபோல, நாள்தோறும் புதிய அளவுகளைக் கொண்டு கணக்கைத் திருத்துகிறார்கள். எண்ணுவதற்குக் கல்லாவையே திறக்கமாட்டேன் என்றால் பேரேடு என்ன ஆகும்? 2025 ஜூனில் அறிஞர்கள் அலறியதன் பொருள் இதுதான்.

ஆராய்ச்சி வேறு, பணி வேறு. ஆராய்ச்சிக்கு மூன்றாண்டு மானியம் வரும், கட்டுரை எழுதுவார்கள், கைதட்டுவார்கள், மானியம் முடிந்ததும் கலைவார்கள். பணியோ பால்காரர் வேலை. விடிந்தால் வந்து நிற்கவேண்டும். இதை உணர்ந்து செய்தது ஐரோப்பா என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2009-இல் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கியதை, 2015-இல் நிலையான பணியாக்கினார்கள். கோப்பர்னிக்கஸ் கடற்பணி என்று பெயர். பிரான்சின் துலூஸ் நகரத்தில் உள்ள மெர்க்காட்டர் நிறுவனம் நடத்துகிறது. வடதுருவக் கடலுக்கு மட்டும் நார்வே அறிஞர்கள் கணக்கிட்டு, பத்து நாட்களுக்கான பனி நிலவரத்தை நாள்தோறும் தருகிறார்கள். கேட்பவர் எவராயினும் இலவசம்.

அங்கும் சறுக்கல் இல்லாமல் இல்லை. ஐரோப்பாவின் இரண்டு ரேடார்ச் செயற்கைக்கோள்களில் ஒன்று 2021 டிசம்பரில் மின்கோளாறால் ஊமையாயிற்று. அடுத்ததை ஏவியது 2024 டிசம்பரில். நடுவில் மூன்று ஆண்டு ஒற்றைக் கண்! 2019-இல் கனடா ஏவிய மூன்று கோள்கள் கைகொடுத்தன. அமெரிக்கா கதவைச் சாத்தப் போகிறேன் என்ற அதே வாரத்தில், 2025 ஜூன் 29-இல், ஜப்பான் புதிய நுண்ணலைக் கருவியை விண்ணுக்கு அனுப்பிற்று; அதன் பழைய கருவியும் 2012 முதல் விண்ணில் இருந்ததால்தான் ஆய்வு நிலையங்கள் அதற்கு மாற முடிந்தது. ஒருவர் கை ஓயும்போது மற்றவர் கை பிடித்தது உண்மை. ஆனால் அது நல்வாய்ப்பாக நடந்ததே தவிர, உரிமையாக நடந்ததல்ல.

முன்னறிவிப்புத் தவறினால் என்ன நடக்கும்? 2021 நவம்பரில் ரஷ்யாவின் வடகடல் வழியில் பனி முன்கூட்டியே உறைந்தது. 20-க்கும் மேற்பட்ட கப்பல்கள் சிக்கின. அணுவிசைப் பனியுடைப்பான்களை அனுப்பி மீட்டார்கள். வானிலைத் துறை சொன்னது பலிக்கவில்லை என்று ஒரு தரப்பு குறைகூறிற்று. பனி கரைகிறது, வழி திறக்கிறது என்று வணிகப் பெருமுதலாளிகள் மகிழ்ந்துகொண்டிருந்த வேளை அது. கரைவதும் மெய்தான், 2012 செப்டம்பரில் வடதுருவப் பனிப்பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கிற்று, செயற்கைக்கோள் அளக்கத் தொடங்கிய நாள் முதல் காணாத சுருக்கம். ஆனால் மெலிந்த பனி சாதுப் பனி அல்ல. வேகமாக நகரும், எதிர்பாராமல் அடைக்கும்.

கப்பல் முதலாளிக்குக் காப்பீடு உண்டு. பனிமீது நடந்தே வேட்டைக்கும் மீனுக்கும் போகும் இனுயிட் மக்களுக்கு? கனடாவின் லாப்ரடார்க் கரையில் நைன் என்ற ஊர். 2009-10 குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக வெப்பமாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கால்பட்ட பாதையே காலை வாரிற்று, பலர் பனி உடைந்து விழுந்தனர். அதன்பின் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து அவர்கள் கண்டதுதான் ஸ்மார்ட் ஐஸ் என்ற ஏற்பாடு. பனிவண்டியின் பின்னே இழுக்கும் சறுக்குப் பலகையில் தடிமன் அளக்கும் கருவி. ஓட்டுபவர் உள்ளூர் இளைஞர். எங்கே போகவேண்டும், எது கெட்ட பனி என்று சொல்பவர் மூத்த வேட்டைக்காரர். பேரறிஞன் மேலிருந்து சொல்வான், பாமரன் கேட்டுக்கொள்வான் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. நமக்கு இந்தச் செய்தியே எல்லாவற்றிலும் இனிக்கிறது.

எச்சரிக்கை எவ்வளவு நல்லதாயினும் கடலில் இருப்பவன் காதில் விழவேண்டுமே! குமரி மீனவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றவர்களுக்கு எதுவும் எட்டவில்லை. அதன்பின், 2019-இல், செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் ஜெமினி என்ற கருவியை ஐதராபாத்தின் கடல் தகவல் நிலையமும் விமான நிலைய ஆணையமும் கொண்டுவந்தன. செய்தியை அது வாங்கிக்கொள்ளும். நான் தத்தளிக்கிறேன் என்று திருப்பிச் சொல்லாது. டைட்டானிக்கின் தந்தி அறையைத் தாண்டாத செய்திக்கும், படகை எட்டாத செய்திக்கும் என்ன வேறுபாடு?

உலக வானிலை அமைப்பு 2021-இல் ஒரு தீர்மானம் செய்தது: வானிலை அளவுகளோடு கடலின் அளவுகளையும் பனியின் அளவுகளையும் நாடுகள் தாராளமாகப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று. நல்ல தீர்மானம். நான்கே ஆண்டில் சில நாள் தவணையில் கதவைச் சாத்த முடிந்தது என்றால், தீர்மானத்துக்குப் பல் இல்லை என்பது தெரிகிறது. 1914-இல் எழுதிய ஒப்பந்தத்துக்குப் பல் இருந்தது. காரணம், அதில் செலவுக் கணக்கு இருந்தது. எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று வகுத்திருந்தார்கள். அதே கணக்கைச் செயற்கைக்கோளுக்கும் மிதவைக்கும் விரிப்பீர் என்கிறோம். லாபம் எடுக்கும் கப்பல் கம்பெனி கொடுக்கட்டும். நைன் ஊர் வேட்டைக்காரரிடமும் குளச்சல் படகுக்காரரிடமும் ஒரு காசும் வாங்கவேண்டாம். நிறுத்தவேண்டிய கருவி எதுவாயினும், மாற்றுக் கருவி ஓராண்டு உடன் ஓடிய பிறகே நிறுத்தவேண்டும். அந்த ஓராண்டுச் செலவை இப்போதே நிதித் திட்டத்தில் எழுதிவைக்கவேண்டும்.