ஸவாபுக்காக அச்சிடும் நூல் யாருடையது?

மறைந்த தாய் தந்தையரின் நன்மையை நாடி ஒரு மார்க்க நூலை அச்சிட்டு இலவசமாக வழங்குவது நம் சமுதாயத்தில் நெடுநாளாக இருந்துவரும் நல்ல வழக்கம். திருத்தணியை அடுத்த எங்கள் கே.ஜி.கண்டிகை போன்ற சிற்றூர்களில், வீட்டிலிருக்கும் துஆ கிதாபு பெரும்பாலும் இப்படி யாரோ ஒருவர் கொடுத்ததாகவே இருக்கும். ஆகவே இவ்வழக்கத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், அட்டை கிழிந்த பழைய நூலொன்றை மதரஸாவுக்குக் கொண்டுவந்து, "ஹஜ்ரத், இதையே ஆயிரம் படி அடித்துவிடலாமா?" என்று கேட்போரிடம் நாம் திருப்பிக் கேட்பது ஒன்றுண்டு: இதை எழுதியவரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ அனுமதி பெற்றீர்களா? "விற்கப் போவதில்லையே, சும்மாதானே கொடுக்கிறோம்" என்பதே வழக்கமாக வரும் விடை.

இலவசம் என்பது வாங்குபவருக்கு நாம் காட்டும் தாராளம். நூலுக்கு உரியவருக்கு அது எப்படிப் பதிலாகும்? பிறர் தோட்டத்து மாங்காயைப் பறித்து ஏழைகளுக்குப் பங்கிட்டாலும் தோட்டக்காரரின் சம்மதம் வேண்டும்.

கல்வியை மறைக்கலாகாது என்னும் அடிப்படையில், நூலுரிமை என்பதையே ஏற்காத ஆலிம்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய கருத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. எனினும் 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் ஐந்தாம் அமர்வு, நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தின் பாதுகாப்புப் பெற்றது, அதில் அத்துமீறலாகாது என்று தீர்மானித்தது. நாம் இதையே சரியெனக் கொள்கிறோம். அறிவு அனைவருக்கும் பொது. அதைத் தொகுத்து எழுதி, பிழை திருத்தி, கடன் வாங்கியேனும் அச்சேற்றிய உழைப்பு ஒருவருடையது.

உரியவர் யாரென்றே தெரியவில்லையே என்பது அடுத்த கேள்வி. இதற்கு நம் ஃபிக்ஹ் நூல்களில் உள்ள லுகதா பாடத்தை நினைவுகூரலாம். தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவர் அதன் பையையும் கட்டையும் அடையாளம் பார்த்து வைத்து, ஓராண்டு காலம் அறிவிக்க வேண்டும். கடைவீதியிலும் பள்ளிவாசலின் வாயிலிலும் அறிவிக்க வேண்டும். பின்னர் உரியவர் வந்தால் அவருக்குரியதைத் தரவேண்டும். நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்வது நமக்கு வியப்பாக இருந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவின்படி, மக்களுக்குக் கிடைக்காமல் போய்விட்ட ஒரு நூலின் உரிமையாளரைக் கண்டுபிடிக்க இயலாவிடில், அதை வெளியிட விரும்புபவர் முதலில் நாளிதழில் விளம்பரம் செய்து, அதன்பின் உரிமம் கோரி விண்ணப்பிக்கலாம். உரியவரோ வாரிசுகளோ எப்போது வந்தாலும் பெற்றுக்கொள்ளும்படி, அவர்களுக்கான தொகையை அரசுக் கணக்கில் செலுத்திவைக்கச் சொல்லவும் அப்பிரிவு இடம் தருகிறது.

ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டிய நூல்கள் சிலவே. முதலில் ஆசிரியர் வஃபாத்தான ஆண்டைத் தேட வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். குர்ஆனைத் தமிழில் பெயர்த்த மௌலானா அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) 1955இல் மறைந்தார்கள்; அம்மொழிபெயர்ப்பின் உரிமைக் காலம் 2015 இறுதியுடன் முடிந்துவிட்டது. நீதிபதி மு.மு.இஸ்மாயீல் மறைந்தது 2005இல். அவருடைய எழுத்துகளுக்குச் சட்டம் தரும் காலம் 2065 வரை. கவி கா.மு.ஷெரீப் 1994இல்தான் மறைந்தார் என்றாலும், தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கிவிட்டதால் அவற்றை எவரும் பதிப்பிக்கலாம். எனவே அரசின் நாட்டுடைமைப் பட்டியலையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இங்கே பலர் தடுமாறும் இடம் மொழிபெயர்ப்பு. பிஹிஷ்தீ ஸேவர் எழுதிய மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) 1943இல் மறைந்தார்கள். உருது மூலத்தின் உரிமை 2003உடன் முடிந்தது. அதைத் தமிழாக்கியவருக்கோ தம் தமிழின் மீது தனி உரிமை உண்டு. அவர் வாழ்பவராயின் அவரிடமே கேட்க வேண்டும். சீறாப்புராணமும் அப்படியே. உமறுப்புலவரின் செய்யுள் நம் அனைவருக்கும் உரியது. அண்மையில் ஒருவர் எழுதிய உரை அவருடையது.

வஃபாத்தான ஆண்டு நூலில் இராது. ஆசிரியரின் சொந்த ஊர் ஜமாஅத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மஹல்லாப் பதிவேட்டிலோ கப்ரின் மீஸான் கல்லிலோ ஆண்டு கிடைக்கக்கூடும். கல்லில் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால் அதை ஆங்கில ஆண்டுக்கு மாற்றிய பிறகே கணக்கிட வேண்டும்; 60 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 58 ஆங்கில ஆண்டுகளே. ஹிஜ்ரியிலேயே எண்ணி முடித்தால் வாரிசுகளின் உரிமையில் இரண்டாண்டு போலக் குறைத்துவிடுவோம்.

பழைய நூல்களில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களைப் போட்டே ஆக வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சென்னை கன்னிமாரா நூலகத்திலோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ தேடினால் முதற்பதிப்பைக் காண வாய்ப்புண்டு. இன்று நம்மவர் வெளியிடும் சில நூல்களில்தான் ஆண்டும் இல்லை, முகவரியும் இல்லை. "உரிமை பதிப்பகத்தாருக்கே" என்பது மட்டும் தடித்த எழுத்தில் நிற்கிறது. உரிமையை இவ்வளவு உரக்கச் சொல்பவர்கள், யாரிடம் எங்கே கேட்பது என்பதையும் சொல்ல வேண்டாமா? வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப் கோப்புகளில் அந்தப் பக்கத்தையே நீக்கிவிடுகிறார்கள். அது கண்டெடுத்த பையின் கட்டை அறுத்தெறிவது போன்றது.

மக்தபில் ஆசிரியர் பாடம் நடத்தும் பொருட்டுச் சில பக்கங்களைப் படியெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆயிரம் படி அச்சிட்டு ஊரெங்கும் வழங்குவது அக்கணக்கில் சேராது.

தேடிப் பார்த்து, அனுமதியும் பெற்று அச்சிடுவோரிடம் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. தந்தையாரின் பெயரை அச்சிடும் அதே பக்கத்தில் நூலாசிரியரின் பெயர், அவர் மறைந்த ஆண்டு, அனுமதி தந்தவர் யார், எந்தத் தேதியில் தந்தார் என்ற நான்கையும் சேர்த்துவிடுங்கள். இருபதாண்டு கழித்து அந்நூலைக் கையிலெடுத்துக்கொண்டு வேறொரு மகன் வேறொரு ஹஜ்ரத்திடம் வருவார். அவர் தேடவேண்டியது அங்கேயே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.