வேலி போடும் முன் சுற்றளவு பாருங்கள்!

மனை வாங்குகிறவர்கள் "எத்தனை சதுர அடி?" என்று கேட்கிறார்கள். சுற்றளவைப் பலர் கேட்பதில்லை. வேலி போடும்போதுதான் விழிக்கிறார்கள்.

பரப்பு வேறு, சுற்றளவு வேறு. உள்ளே இருக்கும் இடம் பரப்பு. ஓரமாக ஒரு சுற்று நடந்து வந்தால் ஆகும் தூரமே சுற்றளவு.

சென்னைப் பக்கம் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. 60 அடி நீளம், 40 அடி அகலம் உள்ள மனையும் ஒரு கிரவுண்டு. 120 அடி நீளம், 20 அடி அகலம் உள்ள மனையும் ஒரு கிரவுண்டு.

நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்குங்கள். முதல் மனையின் சுற்றளவு 200 அடி. இரண்டாவது மனைக்கோ 280 அடி! மூன்று வரிசை முள்கம்பி கட்டினால், 240 அடி கம்பி அதிகம் வேண்டும்.

சதுர மனையா? ஒரு பக்கத்தை நான்கால் பெருக்குங்கள். கோணல் மனையா? எல்லாப் பக்கங்களையும் அளந்து கூட்டுங்கள்.

பணம் நம்முடையது. கணக்கை மட்டும் மேஸ்திரியிடம் விட்டுவிடலாமா? கூடாது. பிள்ளைகள் நாடா பிடித்து அளக்கட்டும். பெரியவர்கள் கூட்டிப் பார்க்கட்டும். பள்ளிக்கூடத்துக் கணக்கு, வீட்டுப் பணத்துக்குக் காவல்!