முதல்ல நிக்கணும், அப்புறம் பறக்கலாம்

இன்னைக்குக் கொஞ்சம் காரமான பதிவு.

மண்ணுலயும் மணல்லயும் ஓட்டுறதுக்காகச் செஞ்ச குவாட் பைக்கை, தார் ரோட்டு டிராக் ரேஸுக்குத் தயார் பண்ணுற கூட்டம் ஒண்ணு இங்க அமெரிக்காவுல இருக்கு. நேர்க்கோட்டுல நின்ன இடத்துலேர்ந்து கிளம்பி, 201 மீட்டரையோ (எட்டுல ஒரு மைல்) 402 மீட்டரையோ (கால் மைல்) யார் முதல்ல தொடுறாங்கறதுதான் பந்தயம். அதுல எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை எல்லாம் வேலையை எங்க ஆரம்பிக்கிறாங்கங்கறதுல. நான் பார்த்த வரைக்கும் எல்லாரும் எஞ்சின்லதான் ஆரம்பிக்கிறாங்க. காசு அங்கயே தீர்ந்துடும். பிரேக், டயர் எல்லாம் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்".

என் கட்சி இதுதான்: முதல்ல பிரேக், அப்புறம் டயரும் சேஸிஸும், கடைசியாத்தான் எஞ்சின். இந்த வரிசையைத் தலைகீழா மாத்தினா கூடுறது வேகம் இல்லை, ஆஸ்பத்திரி பில்.

இந்த விளையாட்டுல ரொம்பப் பேர் கையில இருக்கிற வண்டி யமஹா பேன்ஷி. 1987 முதல் 2006 வரைக்கும் அமெரிக்காவுல வித்தது. ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், தண்ணி கூலிங், 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், 347 சிசி. இந்த நம்பரை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கா? நம்ம ஊர் ராஜ்தூத் 350-க்கும் இதே போர், இதே ஸ்ட்ரோக், இதே 347 சிசிதான். ரெண்டும் ஒரே குடும்பம். நம்மாளு ஏர் கூலிங், இவன் வாட்டர் கூலிங், அவ்ளோதான்.

அந்த ராஜ்தூத்துக்கு ஜனங்க வச்ச பட்டப்பேர் ஞாபகம் இருக்குமே? ஆர்.டி.ன்னா "ரேபிட் டெத்". ஜப்பான்ல பிறந்த ஆர்டி 350-ல முன்னாடி டிஸ்க் பிரேக் இருந்துச்சு. இந்தியாவுல 1983-ல வந்ததுக்கு ரெண்டு பக்கமும் டிரம்தான். பவர் வந்துச்சு, நிறுத்துற சக்தி வரலை. அந்தப் பாடத்தைப் படிக்காதவங்கதான் இப்போ நாலு சக்கரத்துல அதே கதையைத் திரும்ப எழுதுறாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

குவாட் பைக் எல்லாத்துலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க: தார், கான்கிரீட் மேல ஓட்டாதீங்கன்னு. நம்ம கூட்டம் முதல் வேலையா அதைக் கிழிச்சுப் போட்டுடும். பொட்டி தட்டுறவன் கண்ணோட பார்த்தா அது வெறும் எச்சரிக்கை இல்லை சாமி, அது ஒரு பக் ரிப்போர்ட். இந்த வண்டியைத் தார் ரோட்டுல விட்டா எதெல்லாம் உடையும்னு கம்பெனிக்காரனே சொல்றான். அதைப் படிச்சு ஒவ்வொண்ணா சரி பண்றதுதான் "தயார் பண்றது".

முதல் பக், டயர். குவாட் டயர்ல காத்து 3-லேர்ந்து 5 பி.எஸ்.ஐ.தான் இருக்கும், கார் டயர்ல 30-க்கு மேல. மண்ணுல பூப்போல அமுங்கிப் போறதுக்காகச் செஞ்ச பொருள் அது. தார்ல அந்த முரட்டு முடிச்சுகள் எல்லாம் நெளியும், சைடு சுவர் ஆடும், சூடேறும். அதைக் கழட்டிட்டு தாருக்குன்னே செஞ்ச, மொட்டையான, உயரம் குறைஞ்ச டயர் போடணும். இதுல பேரமே இல்லை.

இரண்டாவது பக், பின் ஆக்சில். டிஃபரன்ஷியல் கிடையாது; ரெண்டு பின் சக்கரமும் ஒரே தண்டுல ஒண்ணாச் சுத்தும். மண்ணுல ஒரு சக்கரம் வழுக்கிக் குடுத்துடும். தார்ல வழுக்காது. அதனால ரெண்டு பின் டயரோட சுத்தளவும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு டயர் 160 செ.மீ., இன்னொண்ணு 161 செ.மீ.ன்னு வச்சுக்குங்க. 201 மீட்டருக்குள்ள சக்கரம் சுமார் 125 தடவை சுத்தும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு சென்டிமீட்டர்னா, கோட்டைத் தொடும்போது ரெண்டு டயருக்கும் நடுவுல ஒண்ணேகால் மீட்டர் தகராறு! அந்தத் தகராறை வண்டி எப்படித் தீர்க்கும்? சின்ன டயர் பக்கம் இழுத்துத்தான். அந்தப் பக்கம் சுவர் இருக்கும், இல்லை பக்கத்து லேன்ல ஒரு ஆள் இருப்பான். ஒரு இன்ச் டேப்புக்கு என்ன விலை இருக்கும்? அதை வாங்கி அளக்காதவன் ஆயிரக்கணக்கான டாலருக்கு சிலிண்டர் வாங்குறான். என்னத்தச் சொல்ல.

மூணாவது பக், உயரமும் நீளமும். பேன்ஷியோட வீல்பேஸ் 1.28 மீட்டர். ஆளையும் வண்டியையும் சேர்த்து எடை மையம் பின் ஆக்சிலுக்கு 60 செ.மீ. முன்னாடி, தரையிலேர்ந்து 65 செ.மீ. உயரத்துல இருக்குன்னு கணக்குக்கு வச்சுக்குவோம். 60-ஐ 65-ஆல வகுத்தா 0.92. அதாவது 0.92 ஜி-க்கு மேல முடுக்கினா முன்பக்கம் மேல எழும்பிடும். எஞ்சின்ல எத்தனை குதிரையைக் கட்டினாலும் இந்த எல்லை மாறாது. இப்போ நீளமான ஸ்விங் ஆர்ம் போட்டு ஆக்சிலை 25 செ.மீ. பின்னாடி தள்ளுங்க, ஷாக்கை மாத்தி 15 செ.மீ. இறக்குங்க. 85-ஐ 50-ஆல வகுத்தா 1.7. எல்லை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! எஞ்சின்ல ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடலை. எட்டாங்கிளாஸ் வகுத்தல் கணக்கு.

இப்போ என் ரத்தம் கொதிக்கிற இடம். எடையைக் குறைக்கிறேன்னு முன் பிரேக்கையே கழட்டி வைக்கிற புண்ணியவான்களும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னாடி வரும், பின் சக்கரம் லேசாகும். மேல சொன்ன நீட்டி இறக்கின வண்டியையே எடுத்துக்குங்க. டயர் உராய்வு 0.8, வேகம் 160 கி.மீ. நாலு சக்கரத்துலயும் ஒழுங்கா பிரேக் பிடிச்சா சுமார் 125 மீட்டர்ல நிக்கும். பின் பிரேக் மட்டும்னா சுமார் 355 மீட்டர். ரெண்டு, மூணு கிலோ மிச்சம் பிடிக்க 230 மீட்டரை அடகு வைக்கிறாங்க. இதுக்குப் பேர் டியூனிங்கா?

"அதெல்லாம் ப்ரொஃபஷனல்ஸ் கவலைப்பட வேண்டியது, நாங்க சும்மா ஜாலிக்கு"ன்னு ஒரு பதில் வரும். அந்த ப்ரொஃபஷனல்ஸ் என்ன பண்ணாங்கன்னு பாருங்க. 2008 ஜூன் மாசம் நியூஜெர்சி இங்லிஷ்டவுன்ல ஸ்காட் கலிட்டா செத்துப் போனார். ஃபன்னி கார் எஞ்சின் வெடிச்சு, வேகம் குறையாம, ஓடுபாதை முடிவையும் தாண்டிப் போயிடுச்சு. அடுத்த மாசமே நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன், டாப் ஃப்யூல், ஃபன்னி கார் பந்தயங்களை 1,320 அடியிலேர்ந்து 1,000 அடியாக் குறைச்சாங்க. நிக்கிறதுக்கு இடம் வேணும்னு, கால் மைல்ங்கற பாரம்பரியத்தையே வெட்டினாங்க. பாராசூட் கட்டி ஓட்டுறவனே நிக்கிறதைப் பத்தி அவ்வளவு யோசிக்கிறான். டி-ஷர்ட் போட்டுக்கிட்டு ஓட்டுற நமக்கு என்ன வீராப்பு?

அடுத்த பதில்தான் இன்னும் மோசம்: "ஸ்ட்ரிப்புக்குப் போனா நுழைவுக் கட்டணம், செக்கிங், ரூல்ஸு. வீட்டு முன்னாடி ரோடு சும்மாத்தானே கிடக்கு?" அய்யா, ரோடு சும்மா கிடக்கலை. அதுல யாரோ ஒரு அம்மா பால் வாங்க வருவாங்க, ஒரு குழந்தை சைக்கிள் ஓட்டும். நம்ம ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணாத கோடை நேரா புரொடக்ஷன்ல ஏத்துறவனை என்ன பண்ணுவோம்? இங்க கிராஷ் ஆனா ரோல்பேக் கிடையாது. வாலி பார்க்ஸ் 1951-ல அந்த அசோசியேஷனை ஆரம்பிச்சதே பசங்களைத் தெருவுலேர்ந்து ஸ்ட்ரிப்புக்குக் கொண்டு போகத்தான். எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, திரும்பவும் தெருவுக்கே போவோம்ங்கறது என்ன நியாயம்?

"அப்போ எஞ்சினைத் தொடவே கூடாதா?"ன்னு கேப்பீங்க. தாராளமாத் தொடுங்க, கடைசியில. 68 மி.மீ. போர், 58 மி.மீ. ஸ்ட்ரோக் போட்டு 421 சிசி ஆக்குங்க, எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாத்துங்க, போர்ட்டிங் பண்ணுங்க. ஆனா ஒண்ணு. டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோல் கலவை மெலிஞ்சு போனா முழு த்ராட்டில்ல பிஸ்டன் பிடிச்சுக்கும். பிஸ்டன் பிடிச்சா செயின் வழியா ரெண்டு பின் சக்கரமும் பூட்டிக்கும். கை அந்த நொடியே கிளட்சைப் பிடிக்கணும். மெத்தனால் ஊத்துறவங்களுக்கு இன்னொண்ணு: அது எரியும்போது பகல் வெளிச்சத்துல தீ கண்ணுக்கே தெரியாது. ஆக எஞ்சினை எவ்வளவு ஏத்துறீங்களோ, அவ்வளவுக்கு பிரேக்கும், கையில கட்டுற கில் ஸ்விட்ச் கயிறும், செயின் கார்டும், ஹெல்மெட்டும் லெதரும் முன்னாடியே தயாரா இருக்கணும்.

குதிரைச் சக்தியைச் சொல்லிப் பீத்திக்க எல்லாருக்கும் ஆசைதான். ஆனா இனிமே யாராவது "என் வண்டி இத்தனை ஹார்ஸ்பவர்"னு ஆரம்பிச்சா, நீங்க ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "160-லேர்ந்து நிக்க எத்தனை மீட்டர்?" பதில் தெரியலைன்னா அந்த வண்டி இன்னும் தயாராகலை. அவ்வளவுதான் விஷயம்.

டிஸ்கி: மேல இருக்கிற எடை மையமும் உராய்வும் கணக்குக்காக நான் வச்சுக்கிட்டது. உங்க வண்டிக்கு நீங்க அளந்து போட்டுப் பாருங்க. "உனக்கு ஏன்யா வயித்தெரிச்சல்"னு கும்முறவங்க தாராளமா கும்மலாம், ஆனா கால்குலேட்டரோட வாங்க :-)