மண்ணில் இறக்கிய கம்பி யாரைக் காப்பாற்றும்?

"ஜெனரேட்டர் பாடியிலிருந்து ஒரு கம்பியை எடுத்து ஈரமண்ணில் இறக்குங்கள், ஷாக் அடிக்காது, மற்றதெல்லாம் வயர்மேன் பில்லை ஏற்றுகிற வேலை" என்று சென்ற இதழில் எழுதியிருக்கிறார் ஒருவர். இதை நம்புகிறவர் ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுவார். அந்தக் கையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

ஜெனரேட்டரில் புறப்பட்ட மின்சாரம் அதே ஜெனரேட்டரின் காயிலுக்குத் திரும்பியாக வேண்டும். தூக்கிச் செல்லும் சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலைப் பாடியோடு சேர்த்திருக்க மாட்டார்கள். அப்போது கிரைண்டர் பாடியில் பேஸ் பட்டால் திரும்பும் வழி கிடையாது. எம்சிபியும் விழாது, இஎல்சிபியும் விழாது. பழுது வெளியே தெரியாமல் கிடக்கும். இன்னொரு பழுது நியூட்ரல் பக்கம் சேரும் நாளில்தான் ஆள் விழுவார். "பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். அந்த இரண்டாவது பழுது இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, நியூட்ரலையும் தனியாக மண்ணில் இறக்கினார் என்றே கொள்வோம். மண்வழியின் தடை 23 ஓம் என்றால், 230 வோல்ட்டுக்கு ஓடுவது 10 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி இதற்கு அசையாது. ஆனால் மனிதரைக் கொல்ல இதில் நூறில் ஒரு பங்கே போதும். கோடையில் காய்ந்த மணலில் தடை இன்னும் ஏறும்.

நியூட்ரலையும் பாடியையும் ஓரிடத்தில் மட்டும் இணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் வகையென்றால் கம்பெனிக் கையேடு அனுமதித்தால்தான். பாடியிலிருந்து வீட்டு எர்த்துக்குத் தடித்த காப்பர் ஒயர். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றும் டபுள் போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். அதற்கு அப்பால் 30 மில்லிஆம்பியர் இஎல்சிபி. இதில் எது வீண்செலவு என்று அவர் சொல்லட்டும்.

என்னால் பொறுக்கவே முடியாதது அவருடைய கடைசி யோசனை: சேஞ்ச் ஓவர் வேண்டாம், இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயரைச் சுவர்ப் பிளக்கில் செருகுங்கள், மெயினை அணைக்க மறக்காதீர்கள். மறந்தால்? 2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களைச் சாய்த்த பிறகு, வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரியத்தார் டெல்டாவுக்கு வந்து வேலை செய்தார்கள். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் கம்பத்தில் ஏறுகிறார்கள். ஒரு வீட்டின் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்பார்மருக்குள் பின்வழியாகப் புகுந்தால், மறுபக்கத்து 11,000 வோல்ட் லைனில் உயிரெடுக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறிவிடும். ஒரு குடும்பத்தின் மறதிக்கு ஒரு லைன்மேன் உயிரைப் பிணை வைக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

அந்த யோசனையை அவர் அடுத்த இதழிலேயே, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், வெளிப்படையாகத் திரும்பப் பெற வேண்டும்.